மயிலாப்பூருக்குக் கீழே 35 மீட்டர்: திருமயிலை மெட்ரோவுக்கு வாசல்கள் எங்கே வரவேண்டும்?

லஸ்முனை

சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தைப் பற்றி யார் பேசினாலும் பேச்சு இரண்டே இடத்தில் போய் நிற்கிறது: எப்போது முடியும், எவ்வளவு ஆழம். திருமயிலை நிலையம் என்றால் கேட்கவே வேண்டாம். "35 மீட்டர் ஆழம்" என்று ஆரம்பித்து அதிலேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. அந்த நிலையத்துக்கு ரோட்டில் எத்தனை வாசல், எந்தெந்த முனையில், அங்கிருந்து பறக்கும் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் எப்படிப் போவது? இதைத்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகும் 45.8 கி.மீ. தடமும், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை போகும் 26.1 கி.மீ. தடமும் மயிலாப்பூரில்தான் சந்திக்கின்றன. பக்கத்திலேயே பக்கிங்ஹாம் கால்வாய் மேல் 1997-லிருந்து, தூண்கள் மேல் ஓடும் பறக்கும் ரயிலின் திருமயிலை நிலையம் நிற்கிறது. ஆக, மூன்று ரயில் பாதைகள் ஒரே இடத்தில். இதுபோன்ற வாய்ப்பு இந்த நகரத்தில் விரல்விட்டு எண்ணும்படி சில இடங்களுக்குத்தான் உண்டு.

இப்போது பறக்கும் ரயிலில் இறங்கி லஸ் பக்கம் போகிறவர்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். படியிறங்கி வெளியே வந்ததுமே நடைபாதை எங்கே என்று தேடவேண்டும். வயதானவர்கள் கையில் பையோடு வண்டிகளுக்கு நடுவில் இடைவெளி கிடைக்குமா என்று கையைக் காட்டியபடியே நிற்கிறார்கள். அடியில் அவ்வளவு பெரிய நிலையம் வந்த பிறகும் மேலே இதே காட்சிதான் என்றால் என்ன பயன்?

சுரங்கத்தோழன்

நல்ல இழை. நான் பதினைந்து வருடத்துக்கு மேல் சிங்கப்பூரில் சுரங்க நிலையக் கட்டுமானத்தில் இருந்தவன், இப்போது ஊரோடு வந்துவிட்டேன். ஆழத்தைப் பற்றி முதலில் ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன், அப்புறம் வாசலுக்கு வருவோம். இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

ஏன் இவ்வளவு ஆழம்? மயிலாப்பூரில் ரோடு குறுகல். இரண்டு தடத்துக்கான நடைமேடைகளையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டால் குழி அகலமாகும், இருபக்கமும் வீடு, கடை எல்லாம் இடிக்கவேண்டி வரும். அதனால் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். மேலே டிக்கெட் எடுக்கும் தளம், அதற்குக் கீழே அடுக்கடுக்காக நடைமேடைகள். ஆலந்தூரில் மேல்நோக்கி அடுக்கியதை இங்கே கீழ்நோக்கி அடுக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தோண்டுவதற்கு முன்னால் சுற்றிலும் மண்ணுக்குள் ஒரு கான்கிரீட் சுவர் இறக்குவார்கள். டி-வால் என்பார்கள். நீளமாகக் குறுகலாகப் பள்ளம் வெட்டி, அது சரியாமல் இருக்க பென்டோனைட் என்னும் களிமண் குழம்பை ஊற்றி நிரப்பி, அதற்குள் கம்பிக்கூட்டை இறக்கி, குழாய் வழியாக அடியிலிருந்து கான்கிரீட் போட்டுக்கொண்டே வருவார்கள். கான்கிரீட் ஏற ஏற பென்டோனைட் மேலே வந்துவிடும். இப்படித் துண்டு துண்டாகப் போட்டு நாலு பக்கமும் மூடின பிறகுதான் உள்ளே மண் எடுக்கும் வேலையே.

ரோட்டைச் சீக்கிரம் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றால் மேற்கூரையை முதலில் போட்டுவிட்டு அதற்குக் கீழே தோண்டிக்கொண்டே போகலாம். டாப்-டவுன் முறை. மெதுவாகத்தான் நடக்கும், கூரையில் விட்ட திறப்புகள் வழியாகத்தான் அத்தனை மண்ணும் வெளியே வரவேண்டும். ஆனால் மேலே வண்டி ஓடும்.

மாடவீதி மாமி

தம்பி, விவரமாகச் சொன்னதற்கு நன்றி. எனக்கு ஒரு பயம் உண்டு, எங்கள் தெருவில் பலருக்கும் உண்டு. கடல் இங்கிருந்து கூப்பிடு தூரம். பத்துப் பன்னிரண்டு அடியிலேயே தண்ணீர் தட்டுப்படும் ஊர் இது. கபாலி கோயில் குளம் இருக்கிறது, பழைய வீடுகளில் கிணறு இருக்கிறது, சுண்ணாம்புச் சுவர் வீடுகள் இன்னமும் இருக்கின்றன. இத்தனை ஆழத்துக்குத் தோண்டினால் நிலத்தடி நீர் என்ன ஆகும்? குளம் வற்றிவிடாதா? உப்புத் தண்ணீர் உள்ளே வந்துவிடாதா? சுவர் விரிசல் விட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

சுரங்கத்தோழன்

அம்மா, நியாயமான பயம். பூசி மெழுகாமல் சொல்கிறேன்.

டி-வால் ஒழுங்காக இறங்கியிருந்தால் வெளியே இருக்கும் நீர் வெளியேதான் இருக்கும். உள்ளே தோண்டும்போது நாலு சுவருக்கு நடுவில், அந்தப் பெட்டிக்குள் அகப்பட்ட நீரை மட்டும்தான் இறைக்கவேண்டும். சிக்கல் எங்கே வரும் என்றால், ஒரு துண்டும் அடுத்த துண்டும் சேரும் இடத்தில் கசிவு இருந்தாலோ, சுவரின் அடிப்பக்கம் வழியாக நீர் ஊறினாலோ, சுற்றுப்புற நீர்மட்டம் இறங்கும். மணலும் களியும் கலந்த இடத்தில் நீர்மட்டம் இறங்கினால் மண் அமுங்கும். மேலே இருக்கும் கட்டடமும் அதோடு இறங்கும். அதனால்தான் குழியைச் சுற்றி நீர்மட்டம் பார்க்கும் குழாய்கள், சுவரின் சாய்வைப் பார்க்கும் கருவி, வீட்டுச் சுவர்களில் ஒட்டும் அளவுக்குறிகள் எல்லாம் வைத்து விடாமல் அளவெடுப்பார்கள். எடுக்கிற அளவை யாராவது படிக்கிறார்களா, எல்லை தாண்டினால் வேலையை நிறுத்த ஒருவருக்கு அதிகாரம் இருக்கிறதா என்பதுதான் உயிர்நாடி.

இதை நான் சும்மா சொல்லவில்லை. சிங்கப்பூரில் 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கோல் ஹைவே பக்கம் வட்டத் தடத்துக்கான குழி சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். குழியின் இரு பக்கச் சுவரையும் தாங்கி நிறுத்தும் இரும்புத் தண்டுகளின் இணைப்பு தாங்கவில்லை. அளவீடுகள் முன்கூட்டியே எச்சரித்தும் வேலை தொடர்ந்தது என்று விசாரணையில் வந்தது. நான் அங்கே போனபோது பாதுகாப்பு வகுப்பில் முதலில் சொல்லித்தந்ததே அந்தக் கதைதான். அப்புறம் கொல்கத்தா பவுபஜார். 2019 ஆகஸ்ட் கடைசியில் சுரங்கம் துளையிடும் இயந்திரம் நிலத்தடி நீர்ப்படுகை ஒன்றைத் தொட்டு, மேலே பழைய வீடுகள் சரிந்தன. அந்தத் துண்டைத் திறக்க 2025 ஆகஸ்ட் ஆகிவிட்டது. நம்மூரிலேயே 2017 ஏப்ரலில் அண்ணா சாலையில் ரோடு உள்வாங்கி ஒரு மாநகரப் பஸ்ஸும் காரும் குழிக்குள் இறங்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

உங்களைப் போன்றவர்கள் செய்யவேண்டியது ஒன்று உண்டு. வேலைக்கு முன்னால் சுற்றுவட்டக் கட்டடங்களை ஆய்வு செய்து, இருக்கிற விரிசல்களைப் படமெடுத்துப் பதிவு செய்வது வழக்கம். வீட்டுக்காரர் கையெழுத்தும் வாங்குவார்கள். அந்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் உங்கள் செல்போனில் ஒவ்வொரு சுவரையும், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, தேதியோடு படமெடுங்கள். பின்னால் ஏதாவது என்றால் பேச அதுதான் ஆதாரம்.

29சி பயணி

எல்லாம் சரி. ஆனால் அடிப்படைக் கேள்வியை யாரும் கேட்கவில்லையே. இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ., செலவு 63,246 கோடி. மத்திய அமைச்சரவை 2024 அக்டோபரில்தான் ஒப்புதல் கொடுத்தது. அதுவரை மாநிலமே கடன் வாங்கிச் சுமந்தது. இந்தப் பணத்தில் ஒரு பகுதியை பஸ்ஸுக்குக் கொடுத்திருந்தால்?

எங்கள் வீட்டில் அம்மா, அக்கா, தங்கை எல்லோருக்கும் சாதாரணப் பஸ்ஸில் கட்டணம் கிடையாது. 2021 மே மாதத்திலிருந்து இலவசம். பெரம்பூரில் ஏறினால் மயிலாப்பூர், அடையாறு, பெசன்ட் நகர் என்று 29சி கொண்டுபோய் விடுகிறது. வீட்டு வேலைக்கு வரும் அக்காமார்கள், பூ விற்பவர்கள், கல்லூரிப் பெண்கள், காலையில் அந்த வண்டியில் நிற்க இடமிருக்காது. இவர்களில் யார் பத்து, இருபது, முப்பது ரூபாய் கொடுத்து பூமிக்கடியில் இறங்கப்போகிறார்கள்? இவர்களுக்குத் தேவை இன்னும் நாலு 29சி.

பூந்தமல்லிக்காரன்

29சி நண்பரே, உங்களுக்கு ஒரே பஸ் இருக்கிறது. எனக்கு அது கிடையாது. வீடு பூந்தமல்லி தாண்டி, வேலை மயிலாப்பூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில். காலையில் போரூர் சிக்னல், வளசரவாக்கம், வடபழனி, கோடம்பாக்கம் பாலம், பனகல் பார்க் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி வரவேண்டும். நடுவில் ஒருமுறையாவது வண்டி மாறவேண்டும். மழை பெய்தால் அலுவலகத்துக்கு எத்தனை மணிக்கு வருவேன் என்று எனக்கே தெரியாது.

கலங்கரை விளக்கம்–பூந்தமல்லித் தடம் வந்தால் நான் ஏறுகிற இடத்திலிருந்து இறங்குகிற இடம் வரை ஒரே வண்டி. பூந்தமல்லிப் பக்கம் 2025 மார்ச்சில் சோதனை ஓட்டம் பார்த்தபோது எங்கள் ஏரியாவில் எல்லோரும் மொட்டை மாடியில் நின்று பார்த்தோம். ஆள் ஓட்டாத மூன்று பெட்டி ரயில். ஆனால் அந்தப் பக்கம் தூண் மேல் போகும் பாதை, சீக்கிரம் முடிகிறது. கோடம்பாக்கத்துக்குக் கிழக்கே எல்லாம் சுரங்கம், பனகல் பார்க், நந்தனம், ஆழ்வார்பேட்டை என்று. அது முடிகிற வரைக்கும் எனக்குப் பாதிப் பயணம்தான். அதனால் எனக்கு இந்தத் திருமயிலை நிலையம் ஆடம்பரம் இல்லை.

லஸ்முனை

29சி சார், பஸ் அதிகம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. ஆனால் லஸ்ஸில் இன்னும் நாற்பது பஸ்ஸை விட்டால் அவை நிற்கப்போவது அதே சிக்னலில்தான். ஆர்.கே. மட சாலையை அகலப்படுத்த முடியாது, கச்சேரி ரோட்டைச் சொல்லவே வேண்டாம். ரோட்டில் இடமில்லாத ஊரில் கீழேதான் போயாகவேண்டும். பஸ்ஸா மெட்ரோவா என்று இல்லாமல், மெட்ரோ வாசலில் ஏறி வெளியே வந்தால் எதிரிலேயே 29சி நிறுத்தம் இருக்குமா என்று கேட்போம். அதற்குத்தான் இந்த இழையைத் தொடங்கினேன்.

வேளச்சேரி_வாசி

பறக்கும் ரயிலில் பல வருடம் போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், லஸ்முனை கேட்பதுதான் சரியான கேள்வி.

பறக்கும் ரயில் ஏன் நினைத்த அளவுக்கு ஓடவில்லை? 1995-ல் கடற்கரை–சேப்பாக்கம், 1997-ல் திருமயிலை வரை, 2007-ல் வேளச்சேரி வரை. கால்வாயை ஒட்டிப் போட்டதால் நிலம் கையகப்படுத்தும் தொல்லை குறைந்தது. ஆனால் கால்வாய் ஊரின் முதுகுப்பக்கமாகப் போகிறது. மக்கள் நடமாட்டம் முன்பக்கத்தில், கடைத்தெருவில், பஸ் நிறுத்தத்தில். நிலையங்களை மாளிகை மாதிரி கட்டினார்கள். உள்ளே ஆள் நடமாட்டமில்லாமல் அகலமான கூடங்கள், சாயங்காலம் ஆனால் இருட்டு. பெண்கள் தனியாக ஏறத் தயங்கினார்கள். வேளச்சேரியில் இறங்கினால் விஜயநகர் பஸ் நிலையம் பக்கத்தில் இல்லை. ஷேர் ஆட்டோ பிடித்துத்தான் போகவேண்டும். ரயிலில் சேமித்த நேரம் அங்கே போய்விடும்.

ஒரு விஷயம் சொல்லவேண்டும். இந்தக் கால்வாயின் நகரப் பகுதி, அடையாற்றையும் கூவத்தையும் சேர்க்கும் துண்டு, 1877–78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டியது. கஞ்சிக்கு வழியில்லாத மக்கள் கையால் தோண்டியது. அந்தக் கால்வாய்க்குள் தூண்களை இறக்கி ரயில் விட்டோம், வெள்ளம் வடியும் வழி குறுகியதுதான் மிச்சம். அவ்வளவு விலை கொடுத்த பாதையை இன்னமும் முழுசாகப் பயன்படுத்தவில்லை என்பது எனக்கு ஆறவே இல்லை. இப்போது அதற்குப் பக்கத்திலேயே மெட்ரோ வருகிறது. இரண்டையும் ஒரு கூரையிட்ட பாதையால் சேர்த்தால் வேளச்சேரி, தரமணி, திருவான்மியூர்க்காரர்கள் எல்லோருக்கும் வடபழனி, போரூர் திறந்துவிடும். சேர்க்காவிட்டால் பழைய கதைதான்.

மாடவீதி மாமி

வேளச்சேரி சொன்னது அப்படியே உண்மை. சாயங்காலம் ஏழு மணிக்குமேல் அந்த நிலையத்துக்கு என் பேத்தியைத் தனியாக அனுப்பமாட்டேன்.

எனக்கு இன்னொரு சந்தேகம். 35 மீட்டர் என்றால் பத்து மாடிக்கு மேல் ஆயிற்றே. முட்டிவலிக்காரர்கள் எப்படி ஏறி இறங்குவது?

கணக்குப்பிள்ளை

மாமிக்குக் கணக்குப் போட்டே சொல்கிறேன். எஸ்கலேட்டர் 30 டிகிரி சாய்வு. 35 மீட்டர் ஏற 70 மீட்டர் நீளம் போகவேண்டும். விநாடிக்கு அரை மீட்டர் வேகம் என்றால் 140 விநாடி, அதாவது இரண்டரை நிமிடத்துக்குள். ஆனால் ஒரே எஸ்கலேட்டர் இல்லை, தளத்துக்குத் தளம் மாறவேண்டும். மாறும் இடத்தில் நடை, டிக்கெட் வாயிலில் வரிசை, எல்லாம் சேர்த்தால் அடித்தளத்திலிருந்து ரோட்டுக்கு வர ஐந்து நிமிடம் வைத்துக்கொள்ளலாம். லிஃப்ட் விநாடிக்கு ஒரு மீட்டர் போனால்கூட 35 விநாடிதான், காத்திருக்கும் நேரம் தனி.

ஆக ஆழம் தின்பது இரண்டு மூன்று நிமிடம். அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. வாசல் தப்பான முனையில் இருந்தால் மேலே வந்த பிறகு சுற்றி நடந்து, சிக்னலில் நின்று, ரோட்டைத் தாண்ட ஆகும் நேரம் அதைவிட அதிகம். எனவே லஸ்முனை சொல்வதுதான் கணக்குப்படியும் சரியாக வருகிறது. ஹவ்ரா நிலையமும் சுமார் 30 மீட்டர் ஆழம்தான், 2024-ல் திறந்ததிலிருந்து கூட்டம் நெரிகிறது. மேலே ரயில் நிலையமும் பஸ் நிலையமும் படகுத்துறையும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால்.

சக்கரநாற்காலி

லிஃப்ட் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

வேறொரு ஊரில் ஒரு சுரங்க நிலையத்தில் எனக்கு நேர்ந்தது. உள்ளே எல்லாம் அருமை. நடைமேடையில் ரயிலுக்கும் தரைக்கும் இடைவெளி இல்லை, லிஃப்ட் இருக்கிறது, உதவிக்கு ஆள் வந்தார். மேலே வந்து கதவு திறந்தால், நான் போகவேண்டிய இடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். அந்தப் பக்கத்து வாசலில் படியும் எஸ்கலேட்டரும் மட்டும். லிஃப்ட் இந்தப் பக்கம் ஒன்றே ஒன்று. நடுவில் ஆறு வழிச் சாலை, இடையில் உயரமான தடுப்பு. யாரோ முன்பின் தெரியாத இரண்டு பேர் வண்டிகளை நிறுத்தி என்னைத் தாண்ட வைத்தார்கள். லிஃப்ட் இருக்கிறது என்று பட்டியலில் டிக் போட்டிருப்பார்கள். எனக்கு அது இல்லாத மாதிரிதான்.

திருமயிலையில் ரோட்டின் இரண்டு பக்கமும் லிஃப்ட் வேண்டும். பறக்கும் ரயில் பக்கம் ஒன்று தனியாக வேண்டும். லிஃப்ட் வாசலிலிருந்து நடைபாதை வரை ஒரு படிகூட இல்லாத சரிவு வேண்டும். தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க வாசலை உயர்த்திக் கட்டுவார்கள், நியாயம்தான், 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊர். ஆனால் உயர்த்திய அந்த மூன்று நாலு படிக்குப் பக்கத்தில் சரிவுப் பாதை போட மறந்துவிடுகிறார்கள்.

மாடவீதி மாமி

உங்கள் பதிவைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது தம்பி. இரண்டு பக்கமும் லிஃப்ட் என்பதை எல்லோரும் சேர்ந்து கேட்கலாம்.

கூடவே பங்குனியையும் நினைக்கவேண்டும். அறுபத்துமூவர் அன்று நாலு மாட வீதியிலும் கால் வைக்க இடமிருக்காது. நீர்மோர்ப் பந்தல், அன்னதானம், பொம்மைக் கடை, பலூன்காரர் என்று ஊரே ரோட்டில்தான். இப்போதே வெளியூரிலிருந்து வருகிறார்கள். மெட்ரோ வந்தால் மாதவரத்திலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். வந்து இறங்குவது பிரச்சினை இல்லை, சப்பரம் வீதி சுற்றி முடிந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்புவார்களே, அப்போது? ஒரு குறுகலான வாசலில் எல்லோரும் இறங்கினால் நினைக்கவே பயமாக இருக்கிறது. நவராத்திரியில் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மை விற்கும் குடும்பங்கள் நடைபாதையில்தான் கடை போடுவார்கள். வாசல் அவர்கள் இடத்தை அடைத்துக்கொள்ளவும் கூடாது.

29சி பயணி

மாமி சொன்ன கூட்டக் கணக்கு எனக்கும் உறைக்கிறது. பணம் பற்றிய என் கருத்து மாறவில்லை. ஆனால் கட்டிக்கொண்டிருக்கிற நிலையத்தை நிறுத்தச் சொல்லப்போவதில்லை. அதனால் ஒரு விஷயம் சேர்க்கிறேன்.

டிக்கெட் விஷயத்தில் நல்லது நடந்திருக்கிறது. சிங்காரச் சென்னை அட்டை முதலில் மெட்ரோவில் வந்தது, 2025 தொடக்கத்திலிருந்து மாநகரப் பஸ்ஸிலும் செல்லுகிறது. 2025 செப்டம்பரில் சென்னை ஒன் செயலி வந்தது, பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே கியூஆர். செல்போனில் மூன்றும் சேர்ந்துவிட்டன. ரோட்டில் சேரவில்லை. நகரப் போக்குவரத்து எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கக் கும்டா என்று ஒரு அரசு அமைப்பு இருப்பதே இதற்குத்தான். மெட்ரோ வாசலுக்கு எத்தனை அடியில் பஸ் நிறுத்தம் என்பதை அவர்கள் முடிவு செய்து எழுதித்தரட்டும். பஸ் நிறுத்தத்தை மெட்ரோ வேலைக்காகத் தள்ளி வைத்தார்கள் என்றால், வேலை முடிந்ததும் வாசலுக்கு நேரே திரும்ப வரவேண்டும். தள்ளி வைத்த நிறுத்தம் தள்ளி வைத்த இடத்திலேயே நிலைத்துவிடுவதைப் பல இடத்தில் பார்த்தாயிற்று.

அப்புறம், நடந்து போகிறவர்களும் அடியில் தாண்டலாமா? டிக்கெட் எடுக்காதவர்கள்?

சுரங்கத்தோழன்

நல்ல கேள்வி, இதுதான் விஷயத்தின் மையம்.

டிக்கெட் எடுக்கும் தளத்தில் இரண்டு பகுதி இருக்கும். வாயிலுக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. வெளிப் பகுதியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தொடர்ச்சியாக விட்டால், ரயிலில் ஏறாதவர்களும் ரோட்டைத் தாண்ட அதைப் பயன்படுத்தலாம். சென்ட்ரலில் பூந்தமல்லி நெடுஞ்சாலையை அடிவழியாகத் தாண்டுகிறோமே, அதுபோல. இரவு ரயில் நின்ற பிறகும் அந்தப் பாதை திறந்திருக்குமா, யார் காவல், யார் கூட்டிப் பெருக்குவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யவேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வருடத்தில் ஷட்டரை இறக்கிவிடுவார்கள்.

பறக்கும் ரயில் இணைப்புக்கு வருகிறேன். ஒரு நிறுவனத்தின் சுவரிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் சுவருக்குப் பாதை போடவேண்டும். நிலம், பாதுகாப்பு, பராமரிப்பு என்று கடிதப் போக்குவரத்தே வருடக்கணக்கில் போகும். பறக்கும் ரயிலையே மெட்ரோ எடுத்துக்கொள்ளும் பேச்சு எத்தனை காலமாக நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதுவரை காத்திருக்கவேண்டுமா? வேண்டாம். டி-வாலிலும் தளத்தின் பக்கச் சுவரிலும் பிற்காலத்தில் உடைத்துத் திறக்கும்படி ஒரு துண்டை விட்டுவைக்கலாம். நாக்-அவுட் பேனல் என்போம். அந்த இடத்தில் கம்பி அமைப்பே வேறு மாதிரி இருக்கும், சுற்றிலும் தாங்குகிற சட்டம் முன்பே கட்டியிருக்கும், குழாய்களும் கேபிள்களும் அதன் குறுக்கே போகாது. ஐந்து வருடம் கழித்து இணைப்பு முடிவானால் அந்தத் துண்டை மட்டும் அறுத்து எடுத்தால் போதும்.

அப்படி விடாமல், முழுச் சுவராகப் போட்டுவிட்டு அப்புறம் திறக்கவேண்டும் என்றால்? சாத்தியமே இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் ஓடுகிற நிலையத்தில், தண்ணீர் அழுத்தத்துக்கு நடுவில், கட்டமைப்புச் சுவரை வெட்டவேண்டும். செலவு பல மடங்கு. யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். மண்ணுக்குள் நிற்கும் பெட்டியைத் தண்ணீர் எப்படி நெருக்கும் என்பதற்கு ஒரு கணக்கு: நீர்மட்டத்துக்கு 30 மீட்டர் கீழே அடித்தளம் இருந்தால் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 30 டன் மேல்நோக்கித் தள்ளும். காலி டப்பாவைத் தண்ணீருக்குள் அமுக்கினால் கையைத் தள்ளுமே, அந்த விசைதான். அதை அடக்கத்தான் அவ்வளவு கனமான அடித்தளம், கூரை மேல் மண்பாரம் எல்லாம். அப்படிப்பட்ட பெட்டியில் பிறகு வந்து ஓட்டை போடுவது விளையாட்டு இல்லை.

எனவே கேட்கவேண்டியதை இப்போதே கேட்கவேண்டும்.

பூந்தமல்லிக்காரன்

இப்போதே என்றால், இன்னும் காலம் இருக்கிறதா? துளையிடும் இயந்திரங்கள் எல்லாம் எப்போதோ புறப்பட்டுவிட்டனவே. கலங்கரை விளக்கத்திலிருந்து ஃபிளமிங்கோ என்ற இயந்திரம் 2023 செப்டம்பரிலேயே கிளம்பிவிட்டது. மாதவரம் தடத்தில் நீலகிரி, ஆனைமலை, சேர்வராயன், காவேரி, அடையாறு என்று வரிசையாக வேலை நடந்தது.

சுரங்கத்தோழன்

இயந்திரம் போனது தடத்துக்கு. நிலையத்தின் வேலை முறை வேறு. சுற்றுச்சுவர், தளங்கள், அடித்தளம் எல்லாம் முடிந்து, தண்டவாளம், மின்சாரம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் பெரும்பாலும் வாசல் கட்டடங்களைக் கட்டுவார்கள். ரோட்டில் போட்ட தடுப்பை விலக்கி, அந்த இடம் காலியான பிறகுதான் அவற்றுக்கு இடமே கிடைக்கும். வாசல்கள் நிலையப் பெட்டியோடு சேரும் திறப்புகள் வரைபடத்தில் முன்பே முடிவாகியிருக்கும். ஆனால் அங்கிருந்து ரோட்டுக்கு வரும் படி எந்தப் பக்கம் திரும்புகிறது, லிஃப்ட் எங்கே நிற்கிறது, நடைபாதை எவ்வளவு அகலம், பஸ் நிறுத்தம் எங்கே என்பதில் மாற்றத்துக்கு இன்னும் இடம் இருக்கும். பல நிலையங்களில் நிலம் கிடைக்காமல் ஒரு வாசலைத் தள்ளிப்போட்டு, மற்றவற்றோடு திறந்துவிடுவதும் உண்டு. தள்ளிப்போடும் வாசல் எது என்று கேட்டு வைப்பது முக்கியம்.

சக்கரநாற்காலி

அப்படித் தள்ளிப்போடுவது பெரும்பாலும் லிஃப்ட் இருக்கும் வாசலாகத்தான் இருக்கும், அதற்குத்தான் அதிக இடம் வேண்டும். அதை முதலில் திறக்கவேண்டும் என்று எழுதுங்கள்.

லஸ்முனை

சரி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் முதலில் ஒரு மனு போடுகிறேன். கேட்கப்போவது இவை: திருமயிலை நிலையத்தின் வாசல்களைக் காட்டும் வரைபடம், ஒவ்வொரு வாசலிலும் லிஃப்ட் உண்டா இல்லையா, முதல் நாளே திறக்கப்போகும் வாசல்கள் எவை, பறக்கும் ரயில் பக்கம் சுவரில் நாக்-அவுட் பேனல் விடப்பட்டிருக்கிறதா, டிக்கெட் எடுக்காதவர்கள் ரோட்டைத் தாண்டப் பாதை உண்டா, பஸ் நிறுத்தங்கள் பற்றிக் கும்டாவோடு நடந்த கடிதப் போக்குவரத்து. நாக்-அவுட் பேனல் என்ற சொல்லை அப்படியே போடுகிறேன், சுற்றி வளைத்துக் கேட்டால் சுற்றி வளைத்துப் பதில் வரும்.

மாமி, பங்குனிக் கூட்டம் பற்றி நீங்கள் எழுதியதைத் தனிக் கடிதமாகக் கோயில் நிர்வாகம் வழியாகவும் அனுப்பலாமா? அவர்கள் சொன்னால் காவல்துறையும் சேர்ந்து கேட்கும்.

மாடவீதி மாமி

அனுப்பலாம். எங்கள் தெருவில் கையெழுத்து வாங்கித் தருகிறேன். வாசலின் அகலம் பற்றி மட்டும் சுரங்கத்தோழன் தம்பி இரண்டு வரி சரியான சொற்களில் எழுதிக் கொடுக்கட்டும், அதைச் சேர்த்துக்கொள்கிறேன்.

சுரங்கத்தோழன்

இன்று ராத்திரிக்குள் தனிச்செய்தியில் அனுப்புகிறேன் அம்மா. திருவிழா நாளில் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் உள்ளே வருவார்கள் என்று எந்த அளவை வைத்து வாசல் அகலத்தை முடிவு செய்தார்கள் என்பதையும் அதில் கேள்வியாகச் சேர்த்துவிடுகிறேன். சாதாரண வார நாளின் கூட்டத்தை மட்டும் வைத்துப் போட்டிருந்தால் அது மயிலாப்பூருக்குப் போதாது.